மூட்டைத் தராசில் ஏறி நின்ற மகனுக்கு

தம்பி,

நேற்றுக் காலையில் நீ குளிக்கப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாய். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்றேன். சோப்புப் போடுகிறாய் என்று புத்திக்குத் தெரிகிறது, கால்தான் கேட்கவில்லை. கதவில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். நீ கதவைத் திறந்து என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "என்னப்பா இங்கன நிக்கிய?" என்றாய். "துண்டு எடுக்க வந்தேம்ல" என்றேன். துண்டு என் தோளிலேயே கிடந்தது. நீயும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

கல்யாணத்துக்குப் பெண் பேசி முடித்த ஆம்பிளைப் பிள்ளைக்குத் தகப்பன் குளியலறை வாசலில் காவல் நிற்கிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்துப் பாதி வயதைக் கல்லாவிலேயே கழித்தவன் நான். குடித்துவிட்டு வந்து கடை வாசலில் கத்தியைக் காட்டிச் சலம்பினவனையே "போலே அங்கிட்டு" என்று விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இப்போது, நீ கட்டிலில் கொஞ்சம் அசையாமல் கிடந்தால், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை நீ கப்பல் ஏறப் போகிறாய், பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. நேரில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அம்மா நடுவில் நின்று அழ, கடைசியில் சண்டைதான் மிச்சமாகும். அதனால் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, மிளகாய் வத்தல் நெடிக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். நான் பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவாய், எழுதினதை விட்டுப் போனாலும் திரும்பி வந்து படிக்கலாம் அல்லவா?

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் ஊரில் கப்பலுக்குப் போகிற பையன் இருக்கிற எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் இதேதான். லீவில் வந்து இறங்கின அன்றே ஆரம்பித்துவிடுகிறது. "கடலுக்குள்ள கெடந்து என்னத்தத் தின்னானோ" என்று அம்மா சீலா மீன் குழம்பு வைக்கிறாள், பத்தாததற்குப் பொரித்தும் வைக்கிறாள். கயத்தாற்றில் இருந்து உன் அத்தை ஆட்டுக்கறிக்குக் கூப்பிடுகிறாள். வருகிறவன் எல்லாம் மக்ரூன் டப்பாவோடு வருகிறான். சாயங்காலம் ஆனால் சிநேகிதன்மாரோடு பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும், திரும்பி வந்தால் அம்மா மனசு நோகக் கூடாது என்று வீட்டிலும் இரண்டு தோசை. நானும் சும்மா இருந்தேனா? கடைக்கு வந்து நீ உட்கார்ந்தால் காராசேவு பாக்கெட்டை நான்தானே பிரித்து வைத்தேன். மூன்று மாதத்தில் உன் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் திணறிப் போய்விட்டன. அப்போது யாருக்கும் கவலை இல்லை. "நல்லா வச்சிருக்கான்" என்று பார்க்கிறவர்கள் சொல்ல, உன் அம்மா அன்றைக்கே திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

பிறகு கப்பல் கம்பெனி ஆபீசில் இருந்து போன் வருகிறது. கப்பல் தயார், மெடிக்கல் முடித்துவிட்டு வா என்கிறார்கள். எடை கூடியிருந்தால் அதில் தேற முடியாது. அவ்வளவுதான், வீடே தலைகீழாகிறது. நீ சோற்றை நிறுத்தினாய். ராத்திரிக்கு வெள்ளரிக்காய் என்றாய். வியர்த்து ஊற்ற வேண்டும் என்று உச்சி வெயிலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஹார்பர் பீச் ரோட்டில் ஓடினாய். உனக்கு முன்னால் உன் சிநேகிதன் ஜெரால்டு ஓடினான், அவனுக்கு முன்னால் அவன் அண்ணன் ஓடினான். மழையே இல்லாத மாதத்தில் மழைக்கோட்டோடு ஒருவன் ஓடினால் நம் ஊரில் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை, "மெடிக்கலுக்கு ஓடுதான் போல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார்கள். ஓடி முடித்து நேராகக் கடைக்கு வந்து அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பாய். சாமான் வாங்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, இந்த மூட்டை எவ்வளவு?" என்று என்னையே கேட்பாய்.

கடைசி இரண்டு நாளும் எடை மளமளவென்று இறங்கியது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. இத்தனை வருஷம் மிளகாய் வத்தலும் புளியும் நிறுத்தவன் நான். ஈரமாக வந்த வத்தல் மூட்டை நாலு நாள் வெயிலில் கிடந்தால் எடை இறங்கும், ஆனால் ஒரு வத்தல்கூடக் குறைந்திருக்காது, போனது தண்ணீர் மட்டும்தான். மூட்டையைப் பார்த்ததும் தெரிகிற விஷயம் பெற்ற பிள்ளையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை. உன் உதடு வெடித்திருந்தது. எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டிருந்தாய். அம்மா மோர் கொண்டுவந்து நீட்டினால், "மெடிக்கல் முடியட்டும்மா" என்று தள்ளினாய். நான் தராசில் தெரிந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏ, ஜெயிச்சிட்டான்ல" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

நீ ஜெயித்தாய்தான். திங்கட்கிழமை மதியம் 'ஃபிட்' என்று எழுதின சர்ட்டிபிகேட்டோடு பைக்கில் வந்து இறங்கினாய். கடையில் நின்றபடியே பன்னீர் சோடா ஒன்று, அது முடிந்ததும் இன்னொன்று. அம்மா வீட்டில் இருந்து தூக்குவாளியில் கறிச்சோறு கொடுத்தனுப்பியிருந்தாள். பல நாள் பட்டினி கிடந்தவன் ஒரே மூச்சில் வழித்துத் தின்றாய். நான் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். கை கழுவ எழுந்தவன் "அப்பா, கெண்டைக்கால் இழுக்குப்பா" என்றாய். "நரம்பு பிடிச்சிருக்கும், உதறு" என்றேன். அடுத்த நிமிஷம் வெங்காய மூட்டை மேல் சரிந்து, அங்கிருந்து தரையில் விழுந்தாய். சீனி வாங்க வந்த அம்மா ஒருத்தி, "அண்ணாச்சி, தம்பி விழுந்துட்டான், தம்பி விழுந்துட்டான்" என்று கத்துகிறாள். எனக்குக் கல்லாவைத் தாண்டி வரத் தெரியவில்லை. பலகையைத் தூக்கினால் வெளியே வரலாம், தினமும் தூக்குகிற பலகைதான், அன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஏறிக் குதித்தேன். உன் கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னென்ன சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயரை ஒட்டினார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தபடியே, "என்ன மாத்திரை போட்டான்?" என்று கேட்டார். "மாத்திரையா? ஒண்ணும் போடலியே" என்றேன் நான். நீயும் லேசாகக் கண்ணைத் திறந்து, "ஒண்ணும் போடல டாக்டர்" என்றாய். வயர் ஒட்டிய நெஞ்சோடு கிடந்துகொண்டு பொய் சொன்னாய். அவர் அதட்டவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க பாரு தம்பி, ரத்தத்துல பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருக்கு. துடிப்பு தாறுமாறா ஓடுது. நீ சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்" என்றார். அப்புறம்தான் சொன்னாய். ஜெரால்டு வீட்டில் அவன் அப்பாவுக்கு இதயத்துக்காக எழுதிக் கொடுத்திருந்த நீர் போகிற மாத்திரை. அதோடு மெடிக்கல் அன்றைக்குக் காலையில் பிரஷர் மாத்திரை ஒன்று. உனக்குப் பிரஷர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போன கப்பலிலேயே தலைவலி வந்து பார்த்திருக்கிறாய், வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அவர் வெளியே வந்து என்னிடம் சொன்னதை நீ முழுசாகக் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நின்னுருக்கும் சார்" என்றார். பிரஷருக்குக் காரணம் பார்க்க வேண்டும், இதயத்தை இன்னும் சில சோதனை செய்ய வேண்டும், சில வாரம் அவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அதுவரை வெக்கையில் வேலை கூடவே கூடாது, கப்பல் பேச்சே வேண்டாம் என்றார். நீ மறுநாளே சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். வருகிற வழியில், "அப்பா, ஆபீசுக்குத் தெரியக் கூடாது. பொண்ணு வீட்டுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா எல்லாம் போச்சு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் நீ எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

உன்னை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, இந்த வித்தையை வீட்டிலேயே பார்த்துத்தானே வளர்ந்தாய்? எனக்குச் சுகர் வந்த புதிதில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் மூன்று நாள் பாகற்காயும் கோதுமை ரவையுமாகக் கிடப்பேன், நினைவிருக்கிறதா? ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற வழியிலேயே ஸ்வீட் கடை வாசலில் பைக்கை நிறுத்துவேன். நீ பின்னால் உட்கார்ந்திருப்பாய், உனக்கும் ஒரு மைசூர்பாகு. "அம்மாட்ட சொல்லாதலே" என்பேன். ஒருநாள் டாக்டர் வேறொரு டெஸ்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இது மூணு மாசத்துச் சுகரைக் காட்டிரும். உங்க பாகற்காயெல்லாம் இதுகிட்டச் செல்லாது" என்றார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. நான் டாக்டரை ஏமாற்றினேன், நீ கம்பெனியை ஏமாற்றினாய், இரண்டு பேரும் ஒரே கடைச் சரக்கு. சோதனை நாளுக்காகச் சாப்பிட்டோம், மிச்ச நாளெல்லாம் இஷ்டத்துக்குச் சாப்பிட்டோம். எனக்குக் கால் விரல் மரத்துப் போனதோடு நின்றது. உனக்கு நெஞ்சில் வந்து நிற்கிறது.

நீ போகப் போகிற இடத்தையும் யோசித்துப் பார். நீயே தமாஷாகச் சொன்னதுதான்: கப்பலில் டாக்டர் கிடையாது, ஆபீசர் ஒருவர் கையில் ஒரு மருந்துப் பெட்டி, காய்ச்சல் என்றால் கரைக்குச் செய்தி அனுப்பிக் கேட்டு மாத்திரை கொடுப்பார்கள் என்று. இன்ஜின் ரூமில் வியர்வை ஊற்றும், பூட்ஸுக்குள் தண்ணீர் கட்டி நிற்கும் என்றும் நீதான் சொன்னாய். அங்கே உனக்குக் கெண்டைக்கால் இழுத்தால் யாரிடம் சொல்வாய்? மில்லர்புரத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன அந்தக் கொஞ்ச தூரமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நடுக்கடலில் இருந்து கரைக்கு எத்தனை நாள்? கணக்குப் போட்டுப் பார்க்கப் பயந்து விட்டுவிட்டேன். போன பயணங்களில் நீ போன் பண்ணாத நாளில் சிக்னல் இருக்காது என்று நிம்மதியாகத் தூங்கினவன்தான் நான். இனிமேல் அப்படித் தூங்க என்னால் ஆகாது.

நேற்று அம்மா உன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், மாசிப்பொடி என்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கருவாட்டை எடுத்து வெளியே வைத்தேன். "பிரஷர்காரனுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னது உனக்கு ஒறைக்கலையா?" என்றேன். "உப்பு வெளையுத ஊர்ல இருந்துக்கிட்டு எம்புள்ளைக்கு உப்பு ஆகாதாக்கும்? நீங்க கடையில விக்கலையா?" என்று என் மேல் பாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அவளே ஊறுகாய் பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவனப் போ வேண்டாம்னு சொல்லுங்களேன்" என்றாள். நான் கடைக்கு வந்துவிட்டேன். அவளும் என்னைப் போலவே ராத்திரியெல்லாம் விழித்துத்தான் கிடக்கிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ குண்டாகவே இருக்க வேண்டும் என்று யார் அழுதது? எடை குறையத்தான் வேண்டும். அது மெதுவாகக் குறையட்டும், மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தால் போதும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். மழைக்கோட்டை ஜெரால்டிடமே கொடுத்துவிடு, அவனையும் ஒரு எட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லு, அவனும் அதே மாத்திரையைத்தான் போட்டிருப்பான். நாளையில் இருந்து வெயில் தாழ்ந்ததும் நீயும் நானும் நடப்போம், கடையை அம்மா பார்த்துக்கொள்வாள். எனக்கு மூச்சு வாங்கினால் நீ நில்லு, உனக்கு வாங்கினால் நான் நிற்கிறேன். தாகம் எடுத்தால் தண்ணீரைக் குடி, சோடாவும் கலரும் வேண்டாம். தட்டில் சோறு மலையாக இருக்க வேண்டாம், பாதிக்குக் கீரையோ அவரைக்காயோ இருக்கட்டும், மீன் குழம்பில் கிடக்கட்டும், எண்ணெய்ச் சட்டிக்குப் போக வேண்டாம். பரோட்டாவை விட்டே தீர வேண்டும் என்று சொன்னால் நீயும் கேட்க மாட்டாய், நானும் கேட்க மாட்டேன். எப்போதாவது ஒருநாள் சேர்ந்து போய்த் தின்போம், ஒளிக்காமல் தின்போம். கப்பலில் ராத்திரி வாட்ச் டியூட்டி முடிந்து விடிகாலையில் வயிறு முட்ட நூடுல்ஸ் தின்றுவிட்டுப் படுப்பேன் என்று சொல்வாயே, அந்தப் பழக்கத்தை வீட்டிலும் வைத்திருக்கிறாய், அதை விடு. தூக்கம் முக்கியம். பிரஷர் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாதிரி தினமும் போடு, சோதனை அன்றைக்கு மட்டும் போடுகிற வேலை வேண்டாம். நானும் இனிமேல் டெஸ்ட்டுக்காகப் பாகற்காய் தின்ன மாட்டேன், என்ன நம்பர் வருகிறதோ வரட்டும், உன் முன்னாலேயே கவரைப் பிரிக்கிறேன். பெண் வீட்டாரிடமும் நானே போய்ப் பேசுகிறேன். பிரஷர் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் ஓடிப் போகிறவர்கள் என்றால் இப்போதே ஓடட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத வேண்டியதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நீயே ஆபீசில் சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். டிக்கெட் வந்ததும் நீ சந்தோஷமாக அதை எனக்குக் காட்டினபோது, சொல்ல மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் கூட்டம் ஓய்ந்ததும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று உன் ஆபீசுக்கு நானே போன் செய்தேன். உன்னிடம் தலையாட்டிவிட்டு அதை மீறினேன். மாத்திரை, மயக்கம், ஆஸ்பத்திரி, துடிப்பு, ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டேன். பேசும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன வேலை திரும்பி வருமா, நீ என் முகத்தில் முழிப்பாயா என்றெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பேசின பையன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க சார், சரியானதும் டாக்டர் லெட்டரோட வரட்டும்" என்றான். போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ என்னமோ கேட்டான். உடனே திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமைக்கு வேற ஆள் கெடைச்சாச்சு சார், நீங்க ஒண்ணும் கவலப்படாதிய" என்றான்.

நீ கத்துவாய், பேச மாட்டாய், கதவைச் சாத்திக்கொள்வாய். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கு ஒரு நிமிஷத்தில் வேறு ஆள் கிடைத்துவிட்டான் தம்பி. எனக்கும் உன் அம்மாவுக்கும் கிடைக்க மாட்டான்.

அப்பா